சாவியைத் திருப்பியதும் எழும் ஓசை

சில ஆண்டுகளுக்கு முன் நாம் நாசிக் மாவட்டத்துக் கிளை ஒன்றில் பணியாற்றியபோது, பிக்கப் வண்டிக்குக் கடன் பெற்ற வாடிக்கையாளர் ஒருவரின் கணக்கில் அடுத்தடுத்து இரண்டு தவணைகள் நிலுவையாயின. அதுவரை ஒரு தவணையும் தவறாதவர் அவர். சுற்றுக் கிராமங்களில் விளையும் தக்காளியைப் பிம்பள்காவ் பஸ்வந்த் சந்தைக்கு ஏற்றிச் செல்வது அவர் தொழில். நிலுவை 90 நாள்களைக் கடந்தால் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்பட்டுவிடும். அதற்குமுன் நேரில் கண்டு வருவோம் என்று அவர் வீட்டுக்குச் சென்றோம்.

“ஸ்டார்ட் செய்யும்போது ஒரு சத்தம் வருகிறது, சாகேப். சத்தம் வருகிற நாளில் வண்டி கிளம்புவதில்லை” என்றார்.

ஏலத்துக்கு நேரத்தில் வந்து சேராத தக்காளிக்கு விலை இறங்கிவிடும். இரண்டு முறை அவ்வாறு நேர்ந்ததும் விவசாயிகள் வேறு வண்டியை அழைக்கத் தொடங்கிவிட்டனர். பட்டறையில் சொன்னபடி முதலில் பேட்டரியை மாற்றினார், ஓசை நிற்கவில்லை. அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டாரையே புதிதாக வாங்கிப் பொருத்தினார். ஒரு மாதத் தவணையில் ஏறக்குறையப் பாதி அதற்கே போயிற்று. மூன்று வாரம் சென்றபின் அதே ஓசை மீண்டும் எழுந்தது. நம் முன்னிலையில் அவர் மும்முறை சாவியைத் திருப்பினார். மும்முறையும் வண்டி ஒழுங்காகக் கிளம்பிற்று. நான்காம் முறைதான் கல்லில் இரும்பை உரசுவதுபோல் ‘கர்ர்’ என்ற ஓசை கேட்டது.

வண்டி கிளம்பும் முறையைச் சிறிது அறிந்துகொண்டால் இவ்வோசைகளைப் பிரித்துணர்வது கடினமன்று. சாவியைத் திருப்பியதும் சொலினாய்டு என்னும் மின்காந்தம் உயிர்பெற்று இரண்டு செயல்களைச் செய்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் முனையிலுள்ள பினியன் என்னும் சிறு பற்சக்கரத்தை முன்தள்ளி, என்ஜினின் ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரின் பற்களோடு கோக்கிறது. பின்பு பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. என்ஜின் இயங்கத் தொடங்கியதும் பினியன் பின்வாங்கிவிடும். இவ்வளவும் ஓரிரு நொடிகளில் நிகழ்ந்து முடிகின்றன. எந்தக் கட்டத்தில் தடை நேர்கிறதோ அதற்கேற்ப ஓசை மாறுகிறது.

‘டகடகடக’ என விரைந்து தட்டும் ஓசை பெரும்பாலும் பேட்டரியின் வலுக்குறைவைக் காட்டும். ஆனால், உடனே புதிய பேட்டரி வாங்கிவிட வேண்டா. டெர்மினல்களில் வெண்பச்சைப் பூஞ்சைபோல் படிந்திருக்கும் உப்பும், தளர்ந்த எர்த் ஒயரும் இதே ஓசையைத் தரும். பட்டறையில் ஒரு மீட்டரை வைத்துப் பார்த்தாலே உண்மை விளங்கிவிடும். ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். சாவியைத் திருப்பி என்ஜினைச் சுழற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கலாகாது. என்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். ஓடும்போதும் 12.5 வோல்ட்டைத் தாண்டவில்லையென்றால் குற்றம் பேட்டரியுடையது அன்று. அதற்கு மின்னேற்றம் தரும் ஆல்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோ ஆராய வேண்டும். கிளம்பியபின் சில நொடிகள் ‘கீச்’ என்று கத்துவதும் அந்தப் பெல்ட்தான்.

‘டக்’ என ஒரே ஒரு தட்டுக் கேட்டு, வேறொன்றும் நிகழாதிருந்தால், சொலினாய்டின் உள்ளே மின்தொடுப்புகள் கருகியிருக்கலாம், அல்லது மோட்டார் இறுகியிருக்கலாம். மோட்டார் மட்டும் ‘விர்ர்’ எனச் சுழன்று என்ஜின் அசையாதிருந்தால், பென்டிக்ஸ் என்று மெக்கானிக்குகள் சொல்லும் பினியன் பகுதி நழுவுகிறது. நியூட்ரலில் என்ஜின் ஓடும்போது கேட்கும் ஓசை கிளட்சை மிதித்ததும் மறைகிறதா, மிதித்தால்தான் எழுகிறதா என்பதையும் கவனிக்கலாம். மறைந்தால் கியர்பாக்ஸ் பேரிங்கையும், எழுந்தால் கிளட்ச் பேரிங்கையும் ஐயுற வேண்டும்.

நம் வாடிக்கையாளரின் வண்டியில் எழுந்த ‘கர்ர்’ ஓசை இவற்றுள் எதிலும் அடங்கவில்லை. அது எழுவதும் எழாதிருப்பதுமாக இருந்ததே பட்டறைக்காரரைக் குழப்பிற்று. மும்பை–ஆக்ரா நெடுஞ்சாலையோரம் கடை வைத்திருந்த முதிய ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர்தாம் கேட்க வேண்டியதைக் கேட்டார்: “சத்தம் வந்தபின் வண்டியைக் கொஞ்சம் தள்ளினால் கிளம்புகிறதா?”

அதை ஒருவரும் முயன்று பார்த்திருக்கவில்லை. அன்று ஓசை எழுந்ததும் சாவியை அணைத்து, டாப் கியரில் போட்டு, நால்வர் சேர்ந்து வண்டியை ஓரடி முன்னே உந்தினோம். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து சாவியைத் திருப்பியதும் ஓசையின்றிக் கிளம்பிற்று.

அதன் காரணத்தை அவர் விளக்கியபோது நமக்கே வியப்பாயிருந்தது. நான்கு சிலிண்டர் என்ஜினை அணைக்கும்போது, அது நினைத்த இடத்தில் நிற்பதில்லை. சிலிண்டருக்குள் அழுந்தும் காற்று எதிர்த்துத் தள்ளுவதால், ஒரு சுற்றில் எதிரெதிரான இரண்டே நிலைகளுள் ஒன்றில்தான் பெரும்பாலும் வந்து நிற்கிறது. ஆகவே பினியன் ஆண்டுக்கணக்கில் ரிங் கியரின் அதே இரண்டு இடங்களில் மோதி, அங்குள்ள பற்களை மட்டும் தேய்க்கிறது. தேய்ந்த இடத்தில் என்ஜின் நின்றிருந்தால் பினியன் உரசிக் கத்தும். நல்ல பற்கள் எதிரே இருந்தால் குறையொன்றும் தெரியாது. வண்டியை உந்தியபோது என்ஜின் சிறிது திரும்பி நல்ல பற்கள் வந்துவிட்டன.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றியபின் ஸ்டார்ட்டர் மோட்டாரை இறக்கி, அந்தத் துளையின் வழியே டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒருவர் ஸ்பேனரால் என்ஜினை மெல்லத் திருப்ப, நல்ல பற்கள் வரிசையாகக் கடந்தன. பின்பு எலி கடித்ததுபோல் ஐந்தாறு பற்கள் வந்தன. புதிய மோட்டாரின் பினியனும் மூன்று வாரத்துக்குள் முனை மழுங்கியிருந்தது. மோட்டாரை மாற்றிய நாளிலேயே இத்துளையில் ஒருமுறை பார்த்திருந்தால் அச்செலவு மிஞ்சியிருக்கும் என்பதே நம் கருத்து.

ரிங் கியர் பெரிய விலையுள்ள பொருளன்று; கூலிதான் மிகுதி. கியர்பாக்ஸை இறக்கி, ஃப்ளைவீலைக் கழற்றி, புதிய வளையத்தைச் சூடேற்றி விரியச்செய்து பொருத்த வேண்டும். எப்படியும் அத்தனையும் கழற்றப்படுவதால், தேய்ந்திருந்த கிளட்ச் தட்டையும் அப்போதே மாற்றச் சொன்னோம். இத்தகைய தேய்மானமும் இயந்திர, மின் பழுதுகளும் வழக்கமான மோட்டார் காப்பீட்டில் அடங்கா என்பதைப் பல வாடிக்கையாளர்கள் பழுது நேர்ந்தபின்தான் அறிகிறார்கள். அவரும் அப்போதுதான் அறிந்தார். முதல் தவணை தவறிய வாரத்திலேயே கிளைக்கு வந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்டோம். வண்டி கெட்டுவிட்டது என்றால் வங்கி வண்டியையே எடுத்துக்கொள்ளும் என்று அஞ்சினாராம்.

வேலை முடிய இரண்டு நாளாயிற்று. தக்காளிப் பருவம் முடிவதற்குள் இரண்டு நிலுவைத் தவணைகளையும் கட்டிவிட்டார். குற்றமில்லாமல் கழற்றப்பட்ட பழைய பேட்டரி, மின்சாரம் போகும் வேளைகளில் அவர் வீட்டு விளக்கை எரிப்பதாகப் பின்னர் சொன்னார்.