புதுப் பாதை வந்தது! நண்பர்கள் பிரிந்தார்கள்!

வீட்டில் உட்கார்ந்தபடியே கார் பந்தயம் ஓட்டலாம். பெட்ரோல் வேண்டாம். லைசென்சு வேண்டாம். கார் கவிழ்ந்தாலும் கை கால் முறியாது!

இணையத்தின் மூலம் நடக்கும் பந்தயம் இது. ஒருவர் பாரிசில் இருப்பார். இன்னொருவர் டோக்கியோவில் இருப்பார். இருவர் காரும் ஒரே பாதையில் சீறிப் பாயும்.

இதிலே ஒரு தகராறு கிளம்பி இருக்கிறது.

பழைய பாதை சலித்துவிடும் அல்லவா? அதனால் கம்பெனிகள் புதுப் பாதைகளையும், புதுக் கார்களையும் விற்கின்றன. பணம் கொடுத்தவர் புதுப் பாதையில் ஓட்டுவார். கொடுக்காதவர் பழைய பாதையிலேயே கிடப்பார். நேற்று வரை ஒன்றாக ஓட்டியவர்கள் இன்று இரண்டு கட்சி!

புதுச் சரக்கு கூட்டத்தைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா?

ஆள் இல்லாத பந்தயம்

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் இரவில் 120 பேர் ஓட்ட வருகிறார்கள். பந்தயத்துக்கு 12 பேர். பத்துப் பந்தயம் ஜோராக நடக்கும்.

இப்போது பத்துப் பதினைந்து புதுப் பாதைகளைத் தனித்தனியாக விற்றால்? ஒருவர் இதை வாங்குவார், மற்றவர் அதை வாங்குவார். ஒவ்வொரு வாசலிலும் ஆள் போதாமல் காத்துக் கிடப்பார்கள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பணம் கொடுத்தவரும் ஏமாறுகிறார். புதுப் பாதை கையில் இருக்கிறது. கூட ஓட ஆள் இல்லை! தனியாக ஓடி முதலாவதாக வந்து என்ன பயன்?

நாலு வாசல், நாலு டிக்கெட்

பிரான்சு நாட்டில் 'நாடியோ' என்று ஒரு கம்பெனி. 2003-ல் 'டிராக்மேனியா' என்ற கார் விளையாட்டை வெளியிட்டது. குழந்தைகள் கட்டைகளை அடுக்குவது போல, விளையாடுகிறவர்களே துண்டு துண்டாகச் சேர்த்துப் பாதை போடலாம். அதுதான் அதன் விசேஷம்.

2006-ல் அதில் ஒரு பகுதியை இலவசமாகக் கொடுத்தார்கள். 2008-ல் அதையே திருத்தி மீண்டும் இலவசமாகவே விட்டார்கள். கூட்டம் அலைமோதியது.

பிறகு புத்தி மாறியது. 2011 முதல் 2017 வரை நாலு விளையாட்டுகள் வந்தன. மலை இடுக்கில் ஓட்ட ஒன்று. பள்ளத்தாக்கில் ஓட்ட ஒன்று. ஸ்டேடியத்தில் ஓட்ட ஒன்று. கடலோரத்தில் ஓட்ட ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி விலை! கூட்டம் சிதறியது. பலர் 2008-ல் வந்த இலவச விளையாட்டை விட்டு நகரவே இல்லை.

2020 ஜூலையில் கம்பெனி மறுபடியும் ஒரே விளையாட்டாக வெளியிட்டது. உள்ளே வருவது இலவசம். சில வசதிகளுக்கு மட்டும் சந்தா.

அதில் ஒரு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தினம் ஒரு புதுப் பாதை! விளையாடுகிறவர்கள் போட்ட பாதைகளில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, பிரான்சில் மாலை 7 மணி அடித்ததும் திறந்துவிடுகிறார்கள். (நமக்கு அப்போது இரவு பத்தரை மணி, குளிர் காலத்தில் பதினொன்றரை.) பாதை எல்லோருக்கும் புதிது. சிறிது நேரம் ஓட்டிப் பழகலாம். பிறகு 64 பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துப் போட்டி. பின்தங்கியவர் வெளியே! இதற்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆனால் பாதைக்குப் பாதை தனி டிக்கெட் கிடையாது.

புதுப் பாதைதான் இங்கேயும் வருகிறது. தினமும் வருகிறது. ஆனால் கூட்டம் சிதறவில்லை; அந்த நேரத்துக்குச் சரியாக வந்து கூடுகிறது!

2023, 2024-ல் பழைய விளையாட்டின் பனிக் கார், பாலைவனக் கார், ராலி கார் மூன்றும் திரும்பி வந்தன. இந்தத் தடவை தனி விளையாட்டாக விற்கவில்லை. இருக்கிற விளையாட்டுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். பட்ட பிறகு வந்த புத்தி!

ஜப்பான்காரர் செய்த உபாயம்

"இலவசமாகக் கொடுத்தால் கம்பெனி எப்படிப் பிழைக்கும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சம்பளம் கொடுக்க வேண்டும். பெரிய கம்ப்யூட்டர்களை இரவும் பகலும் ஓட்ட வேண்டும்.

ஜப்பானின் 'நின்டெண்டோ' கம்பெனி வேறு வழி கண்டது. அதன் 'மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்' 2017-ல் வந்தது. 6 கோடிக்கும் மேல் விற்றது. அதில் 48 பாதைகள். 2022 மார்ச் முதல் 2023 நவம்பர் வரை, ஆறு தவணைகளில் இன்னும் 48 பாதைகள் வந்தன. அமெரிக்காவில் அவற்றின் விலை சுமார் 25 டாலர்.

ஆனால் வாங்காதவரை விரட்டவில்லை! வாங்கிய நண்பர் பந்தயம் கூட்டினால், வாங்காதவர்களும் புதுப் பாதையில் ஓட்டலாம். அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் டி.வி. வந்தால் தெருவே கூடிப் பார்த்தது அல்லவா? அதுபோலத்தான். பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பெற்றோர், கூட விளையாடுகிற பிள்ளைகளில் யாராவது ஏற்கனவே வாங்கியிருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் காசு மிச்சம்.

வாங்கிய நண்பர் வராத இரவில் புதுப் பாதை கிடையாது. பழைய 48 பாதைகள் இருக்கவே இருக்கின்றன!