நான்காம் கல் எங்கே?

கணிதம் வகுப்பறைக் கரும்பலகையோடு முடிந்துவிடும் கலை என்று கருதுவோர் பலர். சின்னமனூர் வயல்வெளியில் எல்லைக்கல் ஒன்று காணாமற் போய்விட்டால் அக்கருத்து அன்றே மாறிவிடும். உழவின்போதோ, வரப்பு வெட்டும்போதோ, வெள்ளத்திலோ கல் பெயர்ந்துவிடுகிறது. அடுத்த நிலத்தாரோடு வழக்கு எழுகிறது. பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவேனும் அநீதியாகக் கவர்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாக எச்சரித்துள்ளார்கள் என்பதை நாம் அறிவோம். ஆதலின் போன கல்லை இருந்த இடத்திலேயே நடுவது கணக்கு மட்டுமன்று, கடமையுமாகும்.

வாய்க்காலை ஒட்டி ஒரு பக்கமும், வண்டிப்பாதையை ஒட்டி மற்றொரு பக்கமும் கொண்டு, எதிர்ப்பக்கங்கள் இணையாகச் செல்லும் சாய்ந்த வயல் ஒன்றைக் கற்பனை செய்வோம். இவ்வடிவமே இணைகரம். க, ச, த என்னும் மூன்று கற்கள் நிற்கின்றன. ப என்னும் நான்காவது கல் இல்லை. அருகிலுள்ள கிணற்றின் ஒரு மூலையைத் தொடக்கமாகக் கொண்டு அளக்கிறோம். க கல் கிழக்கே 20 மீட்டர், வடக்கே 10 மீட்டர். ச கல் கிழக்கே 80, வடக்கே 30. த கல் கிழக்கே 100, வடக்கே 75.

இங்கே நமக்கு உதவுவது திசையன். முன்னைய பாடநூல்களில் வெக்டர் என்றே வழங்கியது. தொலைவு மட்டும் சொன்னால் போதாது, திசையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதே அதன் உட்பொருள். கிப்லாவை நோக்கித் தொழும் சமுதாயத்திற்குத் திசையின் அருமையை விளக்க வேண்டுவதில்லை. பேரறிஞர் அல்பீரூனி கசுனி நகரத்தின் கிப்லாவைத் துல்லியமாகக் காணும் பொருட்டே ஊர்களின் இருப்பிடங்களை ஆராய்ந்து 1025-ஆம் ஆண்டில் ஒரு நூலை நிறைவு செய்தார். அஃது உருண்டையான புவியின் மேற்செய்யும் கணக்கு. நமது வயலோ சமதளம். ஆதலின் வேலை எளிது.

சகரத்திலிருந்து தகரத்திற்குச் செல்ல எவ்வளவு நடக்க வேண்டும்? கிழக்கே 20, வடக்கே 45. இணைகரத்தில் எதிர்ப்பக்கங்கள் நீளத்திலும் திசையிலும் ஒன்றே. எனவே அதே நடையைக் ககரத்திலிருந்து நடந்தால் பகரத்தை அடைவோம். கிழக்கே 40, வடக்கே 55. சுருங்கக் கூறின், கவையும் தவையும் கூட்டிச் சவைக் கழிக்க வேண்டும், அவ்வளவே.

ஆனால் மாணவர் பலர் கவனியாது விடும் இடம் ஒன்றுண்டு. மூன்று கற்களை மட்டும் தந்து நான்காவதைக் கேட்டால் விடை ஒன்றன்று, மூன்று! கவையும் சவையும் கூட்டித் தவைக் கழித்தால், கிணற்று மூலைக்கு நேர் தெற்கே 35 மீட்டரில் ஒரு புள்ளி கிடைக்கும். சவையும் தவையும் கூட்டிக் கவைக் கழித்தால் கிழக்கே 160, வடக்கே 95 என்னும் புள்ளி கிடைக்கும். இவ்விரண்டும் குறையற்ற இணைகரங்களையே தருகின்றன.

அப்படியானால் பட்டாவில் உள்ள பரப்பளவைக் கொண்டு உண்மையானதைத் தெரிந்துகொள்ளலாமே என்று தோன்றும். அதுவும் இயலாது. 60-ஐ 45-ஆல் பெருக்கி, அதிலிருந்து 20-இன் 20 மடங்கைக் கழித்தால் 2300 சதுர மீட்டர், அதாவது 23 ஏர். ஏறத்தாழ 57 சென்ட். மூன்று இணைகரங்களுக்கும் பரப்பு இதுவே! ஒவ்வொன்றும் அந்த மூன்று கற்களால் அமையும் முக்கோணத்தைப் போல் இரு மடங்கு என்பதே காரணம். பரப்பு சரியாக இருக்கிறது என்று காட்டி எவரும் தவறான இடத்தில் கல்லை நட்டுவிடக் கூடும்.

வழக்கைத் தீர்ப்பது எண்ணன்று, எல்லை விவரம். பத்திரத்தில் நாம் காணும் செக்குபந்திக்கு அங்கேதான் வேலை. கசவை இணைக்கும் பக்கம் வாய்க்கால், சதவை இணைக்கும் பக்கம் வண்டிப்பாதை என்று அதில் இருந்தால், இரு பக்கங்களும் கூடும் மூலை ச என்பது உறுதியாகிவிடும். மற்ற இரு விடைகளும் தாமே நீங்கும். நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். இரண்டாம் இராசசிம்ம பாண்டியனின் பெரிய செப்பேட்டால் வரலாற்றில் இடம்பெற்ற ஊர் சின்னமனூர். பாரதம் தமிழ்ப்படுத்தப்பட்டதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் கூறும் சிறப்பால் தமிழ் மாணவர் அச்செப்பேட்டை அறிவர். பொதுவாகவே தமிழகச் செப்பேடுகள் நிலக்கொடையைக் கூறுமிடத்துக் கீழெல்லை, தென்னெல்லை, மேலெல்லை, வடவெல்லை எனச் சுற்றி வந்து விரிவாகப் பேசும். கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறித்ததையும் சொல்லும். படிக்கச் சலிப்பூட்டும் பகுதி என்று இலக்கிய மாணவர் அதனைத் தள்ளிவிடுகின்றனர். கணித மாணவர் கண்ணுக்கோ அதுவே செப்பேட்டின் உயிர்ப்பகுதி.

எல்லா வயலும் இணைகரமாக இராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோணல் நிலங்களுக்கு இவ்வழி பயன்படாது. நில அளவர் அதனாலேயே புலப்படத்தை விரித்து, மூலைவிட்டக் கோடிழுத்து, அதிலிருந்து செங்குத்து அளவுகள் எடுத்துக் கல்லின் இடத்தைக் காண்கிறார். முடிவான அளவு அவருடையதே.

எழுத்தறியாத உழவரும் இணைகர வயலில் நம் கணக்கைக் கயிற்றால் செய்து பார்க்கலாம். கவுக்கும் தவுக்கும் இடையே கயிறு கட்டி, அதன் நடுவில் ஒரு முளை அடிக்க வேண்டும். நம் வயலில் அது கிழக்கே 60, வடக்கே 42.5 மீட்டரில் அமையும். சவிலிருந்து முளைவரை மற்றொரு கயிற்றைப் பிடித்து, அதே நேர்கோட்டில் அதே நீளம் அப்பாலும் சென்றால் அங்கே ப. மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமமாக வெட்டும் என்னும் பண்பே இதற்கு அடிப்படை. நடுமுளையை மட்டும் இருமுறை அளந்து அடிக்க வேண்டும். அது ஒரு சாண் விலகினால் நான்காம் கல் இரண்டு சாண் விலகிவிடும்.