மயில் உடை: பெயர் பாரீஸுக்கு, உழைப்பு தில்லிக்கு

புது தில்லி: 1903 ஜனவரியில் தர்பாரையொட்டிச் செங்கோட்டையில் நடைபெற்ற நடன விழாவில், வைஸ்ராய் கர்சனின் மனைவி மேரி அணிந்த மயில் உடை இங்கிலாந்தின் கெடில்ஸ்டன் மாளிகையைச் சேர்ந்தது. பாரீஸின் வொர்த் நிறுவனப் படைப்பு என்றே அது பேசப்படுகிறது.

இது பாதி வரலாறுதான். பொன், வெள்ளி இழைகளால் ஜர்தோசி வேலைப்பாடு செய்து, மயிற்கண்தோறும் பச்சை வண்டுச் சிறகைப் பதித்தவர்கள் தில்லி, ஆக்ரா கைவினைஞர்கள். அதன் பின்னரே துணி பாரீஸுக்குக் கப்பலேறியது. வொர்த் அதை உடையாக்கினார். எடை சுமார் 4.5 கிலோ. இழைகள் மங்கிவிட்டன, வண்டுச் சிறகுகள் இன்றும் மின்னுகின்றன.

ஆடை ஆய்வாளர்களுக்கு இது கலைப்பொருள். அரசியல் கணக்கு வேறு. அதே ஆண்டு டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில், தலைவர் லால்மோகன் கோஷ், பசித்த மக்களின் முன் நடத்தப்பட்ட அந்தத் தர்பாரின் ஆடம்பரத்தைக் கடுமையாகச் சாடினார்.