குழப்புகிறவருக்கும் ஒரு கதிரை

யாழ்ப்பாணத்துக்குக் குழாய்நீர் கொண்டுவரும் திட்டத்துக்கென ஆசிய அபிவிருத்தி வங்கி 2010 நவம்பரில் 90 மில்லியன் டொலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. பிரெஞ்சு அபிவிருத்தி முகவரகமும் கைகொடுத்தது. கடதாசியில் திட்டம் நேராகவே இருந்தது. கிளிநொச்சியிலுள்ள இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டை உயர்த்திக் கூடுதலாக நீரைத் தேக்குவது, அதில் ஒரு பங்கைப் பரந்தனில் சுத்திகரித்துக் குடாநாட்டுக்கு அனுப்புவது. வற்றாத ஆறில்லாத, சுண்ணக்கல் படுகைக்குள் தேங்கும் மழைநீரை மட்டுமே நம்பிய, பசளையாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று ஏறிய கிணறுகளைக் கொண்ட நிலத்துக்கு இதைவிட நியாயமான திட்டம் கிடையாது என்றே பலரும் எண்ணினார்கள். ஆனால் இரணைமடுவின் கீழ் வயல் செய்யும் கமக்காரர்கள் மறுத்தார்கள். 2013 செப்டம்பரில் தெரிவான வட மாகாண சபை அவர்களின் கவலையைக் கையிலெடுத்தது. கடைசியில் மூலத்திட்டமே மாறியது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கட்டப்பட்டு, 2024 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. கடன் ஒப்புதலிலிருந்து கணக்கிட்டால் பதினான்கு ஆண்டுகளுக்குச் சற்றே குறைவு.

இப்படி இடைநடுவில் எழுந்து வேலையை நிறுத்துகிறவர்களைச் செயற்றிட்ட முகாமையாளர்கள் தொல்லையாகவே பார்க்கிறார்கள். மென்பொருள் நிறுவனங்களிலும் இதே முறைப்பாடுதான். மாதக்கணக்கில் செய்த வேலையைக் கடைசி வாரத்தில் வாடிக்கையாளரின் நிதிப் பிரிவு மேலாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கட்டணப் பக்கம் இப்படி இருந்தால் கையெழுத்து வைக்கமாட்டேன் என்கிறார். அவரை எப்படிச் சமாளிப்பது என்று ஆலோசனை நடக்கிறது. கேள்வியே அங்கே பிழைத்துவிடுகிறது என்பது என் வாதம். கணக்காய்வாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவர் அறிந்ததை முதல் வாரத்தில் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. குழப்பம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, உள்ளே வர நேரகாலத்தோடு வழி கிடைக்காத அறிவு பிந்தி வந்து கதவைத் தட்டுவதுதான்.

இந்தச் சிக்கலைத் தங்கள் தொழிலில் நேரடியாக எதிர்கொண்ட பதினேழு மென்பொருளாளர்கள் 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மலைவிடுதி ஒன்றில் கூடி ஒரு சிறு பிரகடனம் எழுதினார்கள். அஜைல் என்று உலகம் அறிந்த முறை அதன்பின்தான் அந்தப் பெயரால் பரவியது. எல்லாத் தேவைகளையும் தொடக்கத்திலேயே எழுதி முடித்து, கையெழுத்து வாங்கி, இரண்டு ஆண்டு கழித்து முழுப்பொருளையும் ஒப்படைக்கும் பழைய வழக்கத்தை அவர்கள் மறுத்தார்கள். ஒப்பந்த வரிகளைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதைக் காட்டிலும் வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வது மேல், திட்டத்தைக் கடைப்பிடிப்பதைக் காட்டிலும் மாற்றத்துக்கு இடம்கொடுப்பது மேல் என்பது அவர்களின் நிலை. அஜைல் குடும்பத்தில் அதிகம் புழங்கும் ஸ்க்ரம் முறையில் வேலை ஒரு மாதத்துக்கு மேற்படாத தவணைகளாக வெட்டப்படுகிறது. ஸ்பிரிண்ட் எனப்படும் அந்தத் தவணை முடியும்போது, செய்தது எதுவோ அதைச் சம்பந்தப்பட்டவர்கள் முன் வைத்துப் பேச வேண்டும். அடுத்து எதைச் செய்வது, எதைப் பின்போடுவது என்ற வரிசைக்குப் புரொடக்ட் ஓனர் என்ற ஒரே ஒருவர் பொறுப்பு. அந்த இடத்தில் குழு கிடையாது. வரிசையை மாற்ற விரும்புகிறவர் அவரைத்தான் இணங்கவைக்க வேண்டும். தவணை நடக்கும்போது அதன் இலக்கைக் கெடுக்கும் மாற்றத்துக்கு இடமில்லை. ஆக, எதிர்ப்பவருக்குக் கதவு திறந்திருக்கிறது, அது எப்போது திறக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இரணைமடுவுக்குத் திரும்பினால், கமக்காரர்களின் கணக்கை முதலில் பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இந்தக் குளம் இருபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயலுக்கு நீர் கொடுக்கிறது. பொறியியலாளரின் கணக்கு சராசரி ஆண்டைக் கொண்டது. நிறைகுளத்தோடு ஒப்பிட்டால் குடிநீருக்குக் கேட்ட பங்கு சிறியது, அதிலும் அணை உயர்ந்து கொள்ளளவு கூடப்போகிறது. கமக்காரரின் கணக்கோ பங்குனி, சித்திரையில் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காலபோகம் எப்படியோ தேறிவிடும். மழை ஓய்ந்தபின் குளத்தில் நிற்கும் நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் சிறுபோகம் எத்தனை ஏக்கர் என்று முடிவாகும். எல்லாக் காணிக்கும் சிறுபோகத்தில் நீர் போதாது. இருக்கும் நீருக்கு ஏற்ற அளவு நிலத்தைப் பங்கிட்டே விதைப்பார்கள். வான் பாய்கிற ஆண்டில் யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் கொடுப்பதில் அவர்களுக்கு இழப்பு ஏதுமில்லை. வானம் பொய்த்த ஆண்டில் என்ன நடக்கும் என்பதே அவர்களின் கேள்வி. நீர் குறைந்தால் முதலில் அடைபடுவது வாய்க்காலின் துருசா, குடிநீர்க் குழாயா? குழாய் ஒருமுறை நகரத்துக்குப் போய்விட்டால் அதை மூடும் துணிவு எந்த அரசாங்கத்துக்கும் வராது என்பதை அவர்கள் சரியாகவே கணித்தார்கள். 2014இலும் 2016-17இலும் வடக்கு வறட்சியில் வாடியபோது அந்த அச்சம் கற்பனை இல்லை என்பது தெளிவாயிற்று.

அவர்களின் அறிவைக் கேட்பதற்கான இடம் ஏற்கெனவே இருந்தது என்பதுதான் வருத்தம். ஒவ்வொரு போகத்துக்கும் முன் மாவட்டச் செயலாளர் தலைமையில் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தின் நீர்மட்டத்தைச் சொல்வார், கமநல சேவை அதிகாரிகள் இருப்பார்கள், கமக்காரர் அமைப்புகளின் பிரதிநிதிகள் எழுந்து சண்டை பிடிப்பார்கள், கடைசியில் எத்தனை ஏக்கர், விதைப்பு எப்போது, துருசு எந்த நாளில் திறக்கும், எந்த நாளில் மூடும் என்று தீர்மானம் எழுதப்படும். அடுத்த போகத்தில் புதிதாகப் பார்த்துப் புதிதாகத் தீர்மானிப்பார்கள். யூட்டாவில் கூடியவர்கள் தேடிய ஒழுங்கு எங்கள் குளங்களின் கீழ் தலைமுறைகளாக நடக்கிறது. குடிநீர்த் திட்டம் அந்தக் கூட்டத்துக்குள் ஒரு பங்காளியாக வந்து அமர்ந்திருக்கலாம். முதல் இரண்டு மூன்று போகங்களுக்குத் தண்ணீரே எடுக்காமல், எடுத்திருந்தால் குளத்தில் எவ்வளவு நின்றிருக்கும் என்ற கணக்கை மட்டும் எல்லார் முன்னிலையிலும் காட்டியிருக்கலாம். நீர்மட்டம் எத்தனை அடிக்குக் கீழே போனால் குடிநீர்ப் பங்கு பாதியாகும், எத்தனை அடியில் நிற்கும் என்பதைக் கமக்காரரோடு சேர்ந்தே எழுதியிருக்கலாம். திட்டத்தின் தொடக்கத்தில் ஆலோசனைக் கூட்டங்கள் நடந்தன. ஆனால் ஒப்புதல் கேட்கும் கூட்டம் வேறு, முடிவை மாற்றும் அதிகாரமுள்ள கூட்டம் வேறு. முந்தியதில் கேட்காத குரலே வீதிக்கு வருகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை இலேசானவை இல்லை. குழாயும் அணையும் மென்பொருள் போல மாதாமாதம் மாற்றக்கூடியவையா என்று ஒரு பொறியியலாளர் கேட்பார். இல்லைதான், கொங்கிறீற்றைத் திரும்பக் கரைக்க முடியாது. ஆனால் இரணைமடுவில் சிக்கியது கொங்கிறீற்றில் இல்லை, யாருக்கு எவ்வளவு நீர் என்ற வாக்குறுதியில். வாக்குறுதிகளைத் தவணை தவணையாகச் சோதித்துப் பார்க்க முடியும். கொங்கிறீற்று போடுவதற்கு முன்னரே அதைச் செய்வதுதான் மலிவு.

எதிர்ப்பவர்கள் எல்லாரும் நேர்மையான கவலையோடு வருவதில்லை, அரசியலுக்காகவும் வருவார்கள் என்பது அடுத்தது. இது முழு உண்மை. இருவரையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு: எது கிடைத்தால் சம்மதிப்பீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குவது. உண்மையில் இழக்கப்போகிறவரிடம் ஒரு நிபந்தனை இருக்கும். இத்தனை ஏக்கர் சிறுபோகத்துக்கு உறுதி தாருங்கள் என்பார். அதைக் கொடுத்தால் அடங்குவார், கொடுக்க முடியாவிட்டால் அவர் சொன்னது சரி என்றாகிவிடும். பிணக்கிலேயே வாழ்கிறவரின் நிபந்தனையோ ஒவ்வொரு கூட்டத்துக்கும் மாறும். அவருக்கு அஜைலின் மறுபக்கத்தைக் காட்ட வேண்டும்: தவணை நடுவில் மாற்றம் இல்லை, பொறுப்பானவர் எழுத்தில் பதில் தந்துவிட்டார், வேலை தொடரும். இரணைமடுவில் இதைச் சொல்லும் அதிகாரம் எந்த ஒருவர் கையிலும் இருக்கவில்லை. குடிநீர் மத்திய அரசின் நீர் வழங்கல் சபையிடம், குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்திடம், போகத் தீர்மானம் மாவட்டச் செயலகத்திடம், மக்களாணை மாகாண சபையிடம். எதிர்ப்பு எவ்வளவு பெரிதோ அதைவிடப் பெரிய சேதத்தை இந்தச் சிதறல் செய்தது என்றே நினைக்கிறேன்.

இவற்றுள் மிகக் கனமானது, தாமதத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்ற கேள்வி. கமக்காரரைக் கேட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில் வலிகாமத்துப் பிள்ளைகள் கெட்ட கிணற்றுநீரைக் குடித்தார்கள். சுன்னாகத்தில் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019இல் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது என்பதும் இதே காலத்துச் செய்தி. தாளையடி நீர் மலிவுமில்லை. நாளுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவுடைய அந்த நிலையம் முழு அளவில் ஓடினால், ஒரு கன மீற்றர் கடல்நீரைக் குடிநீராக்க உலக அளவில் பிடிக்கும் 3 முதல் 4 அலகு மின்சாரப்படி, நாளொன்றுக்கு 72,000 அலகுக்குக் குறையாது. கமக்காரரை ஓரங்கட்டிவிட்டு முன்னே போயிருந்தால் இவ்வளவும் மிஞ்சியிருக்கும் என்று சிலர் வாதிடுகிறார்கள். ஓரங்கட்ட முயன்றதால்தானே இத்தனை ஆண்டுகள் போயின! ஆண்டுகளைத் தின்றது கேட்டது இல்லை, பிந்திக் கேட்டது. வறண்ட ஆண்டுக்கான விதியை 2010இலேயே எழுதியிருந்தால் மலிவான குளத்துநீரில் ஒரு பங்கேனும் இன்று குடாநாட்டுக்கு வந்துகொண்டிருக்கக்கூடும்.

தாளையடியிலும் எதிர்ப்பு எழுந்தது, இம்முறை மீனவர்களிடமிருந்து. உள்ளே இழுக்கும் கடல்நீரில் பாதிக்கு மேல், உப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிக் கடலுக்கே திரும்புகிறது. கரைவலை இழுக்கும் பாட்டில் மீன் குறையுமா என்று அவர்கள் கேட்டார்கள். நிலையம் இப்போது ஓடுகிறது. ஆகவே கேள்வி முடிந்துவிட்டது என்று அதிகாரிகள் நினைத்தால் இரணைமடுவின் தவறு கடற்கரைக்கு இடம்பெயரும். வெளியேற்றும் நீரின் உவர்த்தன்மையை ஒவ்வொரு மாதமும் அளந்து, கடற்றொழிலாளர் சங்கத்தின் முன் அந்த எண்ணை வாசித்து, எந்த அளவைத் தாண்டினால் எத்தனை மணிநேரம் இயந்திரத்தைக் குறைப்பது என்று அவர்களோடு சேர்ந்து எழுதிவைக்க இன்னும் காலம் இருக்கிறது.