குப்பை போகும் வழி – 9: இருநூறு வீட்டுக்கு ஒரே தொட்டி

வெண்ணந்தூரில் தறி ஓடுகிற வீட்டுக்குள் நுழைந்தால், ஓர் ஓரத்தில் சாக்கு ஒன்று கட்டாயம் இருக்கும். அறுந்த பாவுத் துண்டு, தாரில் மிஞ்சிய நூல், பிசிறு எல்லாம் அதற்குள் போகும். தரைக்குப்பையோடு சேர்த்துக் கூட்டித் தள்ள மாட்டார்கள். வெள்ளை நூல் தனி, சாய நூல் தனி. பட்டு நெய்கிறவர்கள் பட்டு வேஸ்ட்டை இன்னும் பத்திரமாக எடுத்து வைப்பார்கள். எடைக்கு வாங்க வருகிறவர் சாக்குக்குள் கையை விட்டு அளைந்து பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார். எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் கலந்திருந்தால் விலை இறங்கிவிடும். சுத்தமாக இருந்தால் அந்த நூல் லாரிப் பட்டறையில் கை துடைக்கப் போகும். அல்லது மறுபடி பஞ்சாகி நூற்பாலைக்குப் போகும்.

இந்த வட்டாரத்துக்கே இது பழக்கம். சேகோ ஆலையில் மாவு எடுத்ததுபோக மிஞ்சுகிற திப்பி மாட்டுத் தீவனமாகிறது. கோழிப்பண்ணை எரு லோடு லோடாகக் காட்டுக்குப் போகிறது. எதையும் கலக்காமல் வைத்திருக்கும்வரை அதை வாங்க ஆள் இருக்கிறது என்பதை இங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த வீடுகளில் பிறந்து படித்த பிள்ளைகள்தான் இன்று பெங்களூரிலும் சென்னையிலும் எட்டாவது மாடியிலும் பன்னிரண்டாவது மாடியிலும் குடியிருக்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற பெரியவர்கள் மாதக்கணக்கில் அங்கே தங்குகிறார்கள். ராத்திரி கதவுக்கு வெளியே வைத்த பை காலையில் இருப்பதில்லை. யார் எடுத்தார்கள், எங்கே போனது, தெரியாது. வாசலிலேயே குப்பை வண்டிக்காரர் முகத்தைப் பார்த்துக் கொடுக்கும் ஊரில், கலந்து கொடுத்தால் அவர் ஒரு வார்த்தை கேட்பார் என்ற கூச்சமாவது இருக்கும். இருநூறு வீட்டுப் பை ஒரே தொட்டியில் விழும் இடத்தில் அந்தக் கூச்சத்துக்கு வேலையே இல்லை. அடுக்குமாடிக் குப்பையின் முதல் சிக்கலாக நான் நினைப்பது இதைத்தான். இடம், எந்திரம், பணம் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கணக்கைப் பாருங்கள். நம் நகரங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரைக் கிலோ குப்பை. நாலு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு கிலோ. இருநூறு வீடுள்ள வளாகத்துக்குத் தினமும் 400 கிலோ. அதில் பாதிக்குமேல் சமையலறைக் கழிவு. நாளொன்றுக்கு 100 கிலோவைத் தாண்டினாலே பெருமளவு குப்பை உண்டாக்குபவர் என்று மத்திய அரசு 2016 ஏப்ரலில் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகைப்படுத்தின. ஐம்பது, அறுபது வீடு இருந்தாலே அந்த எல்லை வந்துவிடும். 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் குப்பையைப் பிரித்தே தர வேண்டும், மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்றும் அவை சொல்லின. இந்த விதிகளுக்கெல்லாம் வேர், பெங்களூரைச் சேர்ந்த அல்மித்ரா பட்டேல் 1996-இல் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு. அதன் விளைவாகத்தான் 2000-இல் நாட்டின் முதல் நகராட்சிக் குப்பை விதிகள் வந்தன.

விதி வந்தும் வழக்கம் மாறவில்லை. 2012-இல் பெங்களூரே நாறியது. அந்த நகரத்தின் குப்பையை வருடக்கணக்கில் சுமந்த மாவள்ளிபுரா கிராமத்து மக்கள், தங்கள் நிலத்தடி நீர் கெட்டுப்போனதைச் சொல்லிப் போராடினார்கள். அங்கே கொட்டுவது நின்றதும் நகரத் தெருக்களில் குப்பை மலையாகக் குவிந்தது. லாரிகள் மண்டூருக்குத் திரும்பின. மண்டூர்க்காரர்களும் எழுந்து நின்றார்கள்; 2014 முடிவில் அங்கேயும் வண்டி போவது நின்றது. பெங்களூர் அடுக்குமாடிகள் திருந்தியதற்கு முதல் காரணம் இந்த இரண்டு கிராமத்து மக்களின் மறியல்தான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. மாடியில் இருப்பவர்களின் விழிப்புணர்வெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

2015 டிசம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் ஒரே முறையை ஊர் முழுவதற்கும் கட்டாயமாக்கியது: இரண்டு தொட்டி, ஒரு பை. பச்சைத் தொட்டியில் சமையலறைக் கழிவு. சிவப்புத் தொட்டியில் நாப்கின், டயப்பர், கட்டுத்துணி. பையில் காகிதம், பிளாஸ்டிக், தகரம், கண்ணாடி. நகரத்துப் பெண்கள் பலர் சேர்ந்து இயங்கிய தன்னார்வக் குழுக்கள் முன்பே பழக்கிவைத்திருந்த முறை இது. நீதிமன்றம் அதற்குக் கட்டாயம் கொடுத்தது.

வளாகத்துக்குள் இது எப்படி நடந்தது என்பதுதான் நமக்குப் பாடம். சுற்றறிக்கை ஒட்டியதால் யாரும் பிரிக்கவில்லை. ஆரம்ப வாரங்களில் குடியிருப்பவர்களில் சிலரே காலையில் ஹவுஸ்கீப்பிங் பெண்களோடு மாடி மாடியாகப் போனார்கள். கலந்து வைத்த தொட்டியை எடுக்காமல் வாசலிலேயே விட்டுவிட்டார்கள். எடுக்காத தொட்டி சாயங்காலம் நாற்றமடித்தபோது, அது யார் வீட்டுக் குப்பை என்பது அந்த மாடி முழுக்கத் தெரிந்தது. அது கடுமையான வழிதான். ஆனால், கலந்து வந்த குப்பைக்குள் கையை விட்டு நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் பொறுக்கிய பெண்ணின் நிலையோடு ஒப்பிட்டால், அந்தக் கடுமை எனக்குத் தவறாகவே தோன்றவில்லை.

"ஏனுங்க, நாம பிரிச்சுக் குடுத்து என்னுங்க பிரயோசனம்? வண்டியில எல்லாத்தையும் ஒண்ணாத்தான கொட்டறாங்க?" என்று நம் பக்கத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தனித்தனி அறையில்லாத வண்டி வந்தால் வீட்டில் பிரித்ததெல்லாம் வீண். அதனால்தான் பெரிய வளாகத்துக்கு ஒரு வசதி இருக்கிறது என்கிறேன்: அவர்கள் வண்டியை நம்பியிருக்க வேண்டியதே இல்லை. மக்கும் குப்பையை உள்ளேயே முடித்துவிட்டால், மிச்சமிருக்கும் உலர்ந்த குப்பை நாறாது. வாரம் ஒருமுறை பழைய இரும்புக்கடைக்காரர் வந்து எடை போட்டு எடுத்துக்கொள்வார்.

உரத்தொட்டிக்கு ஓரிரு கார் நிறுத்தும் இடம் இருந்தாலே ஆரம்பிக்கலாம். காற்றுப் போக ஓட்டைவிட்டுச் செங்கலில் கட்டிய தொட்டியோ, கம்பிவலைக் கூண்டோ போதும். காய்த்தோல் ஒரு அடுக்கு, அதன்மேல் காய்ந்த சருகோ தென்னை நார்க்கழிவோ ஒரு அடுக்கு. கரிமச்சத்து ஏறத்தாழ முப்பது பங்கு, தழைச்சத்து ஒரு பங்கு என்ற அளவில் இருந்தால் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும். சில நாளில் குவியல் 55 டிகிரிக்குமேல் சூடேறும். நடுவில் கை வைத்தால் சுடும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வர வேண்டும். ஒழுகினால் சருகு போதவில்லை என்று பொருள். நாற்றம் வந்தால் காற்றுப் போகவில்லை, கிளறிவிட வேண்டும். நம் சமையலில் தொட்டியைக் கெடுப்பது மிஞ்சிய சாம்பாரும் ரசமும் மோரும். அவற்றை வடித்துவிட்டுச் சக்கையை மட்டும் போட வேண்டும். தேங்காய்த் தொட்டியும் மாங்கொட்டையும் நாற்பது நாளில் மக்காது. தனியாக ஒதுக்க வேண்டும். இதையெல்லாம் கவனித்தால் நாற்பது, ஐம்பது நாளில் மண்வாசனையோடு உரம் கிடைக்கும். இதே சமையலறைக் கழிவு பிளாஸ்டிக் பைக்குள் கட்டப்பட்டுக் குப்பைமேட்டில் காற்றில்லாமல் புதைந்தால் தீப்பற்றும் மீத்தேன் வாயு ஆகிறது. சென்னைப் பெருங்குடியில் 2022-இலும் கோவை வெள்ளலூரில் 2024-இலும் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்ததை எல்லோரும் பார்த்தோம்.

பால் கவரைப் பற்றி ஒரு சொல். மூலையை முழுதாகக் கத்தரித்து எறிகிற அந்தக் குட்டித் துண்டை யாராலும் பொறுக்க முடியாது. துண்டாகாமல் ஓரமாகக் கீறி, கவரை அலசிக் காயப்போட்டால் அது எடைக்குப் போகும். நாப்கினைக் காகிதத்தில் சுற்றிச் சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுக்கச் சொல்லி, புனே நகரத்துக் குப்பை சேகரிக்கும் பெண்களின் கூட்டுறவு அமைப்பான ஸ்வச் 2017-இல் வேண்டுகோள் வைத்தது. அதில் இருப்பது அருவருப்பல்ல, ஒரு தொழிலாளியின் மானம். ஒவ்வொரு வளாகமும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சமையலறையிலிருந்தே குழாய் வழியாகக் குப்பை கீழே விழும் வசதியை விளம்பரத்தில் பெருமையாகப் போடுகிறார்கள். ஒரே குழாய் என்றால் பிரித்தல் அதோடு முடிந்தது. பல காலம் அப்படி வாழ்ந்த சிங்கப்பூரே, 2014 முதல் புதிய அரசு அடுக்குமாடி வீடுகளில் மறுசுழற்சிப் பொருளுக்கென்று தனிக்குழாய் வைக்கிறது. அங்கே மிஞ்சுவதை எரித்துச் சாம்பலை செமக்காவ் தீவில் கொட்டுகிறார்கள். ஈரம் மிகுந்த நம் குப்பை அப்படி எளிதில் எரியாது; நமக்குப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

சேலத்திலும் நாமக்கல்லிலும் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. குப்பையைக் கையாள்வதில் முன்னுதாரணம் என்று பெயரெடுத்து, நகராட்சியாக இருந்தபோதே ஐஎஸ்ஓ 14001 சான்றிதழ் வாங்கிய ஊர் நாமக்கல். வெண்ணந்தூர்க்காரர்கள் பலர் அங்கெல்லாம் வீடு பார்க்கிறார்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் குடிநீரையும் கார் நிறுத்தத்தையும் விசாரிப்பதுபோல, வரைபடத்தில் உரத்தொட்டிக்கு இடம் எங்கே, உலர்ந்த குப்பை வைக்கும் அறை எங்கே, அங்கே வேலை செய்பவர்கள் கை கழுவத் தண்ணீர் வருமா என்று பில்டரைக் கேளுங்கள். கட்டி முடித்த பிறகு அந்த இடத்தை உண்டாக்குவது எவ்வளவு பாடு என்பது பெங்களூரில் கார் நிறுத்தத்தைப் பிடுங்கித் தொட்டி கட்டிய சங்கங்களுக்குத் தெரியும்.

(தொடரும்)