பெயரில்லாத வலி

வியாதி என்றால் அதற்கு ஒரு பெயர் இருந்தாக வேண்டும் என்று உலகம் எதிர்பார்க்கிறது. மலேரியா என்றால் அண்டை வீட்டார் அனுதாபப்படுவார்கள். கால் ஒடிந்தது என்றால் ஆரஞ்சுப் பழத்துடன் வந்து பார்ப்பார்கள். ஆனால், "விலாப்புறத்தில் வலிக்கிறது, நெஞ்சு எரிகிறது, காரணம் இன்னும் தெரியவில்லை" என்று சொல்லிப் பாருங்கள்! "வாயுதான்" என்பார் ஒருவர். "எல்லாம் மனக் கவலை" என்பார் இன்னொருவர். ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரே படமும் சரியாக இருக்கின்றன என்று கேட்டவுடன், "ஒன்றுமில்லையாம்" என்று வீட்டாரே தீர்ப்பளித்து விடுவார்கள். இந்தத் தீர்ப்புக்கு அதிகமாக ஆளாகிறவர்கள் நமது பெண்மணிகள் என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாம் இங்கே வற்புறுத்த விரும்புவது ஒன்றே. பரிசோதனையில் ஒன்றும் அகப்படவில்லை என்றால், வலியே இல்லை என்று அர்த்தமல்ல. அந்தப் பரிசோதனை பார்த்த இடத்தில் காரணம் இல்லை என்றுதான் அர்த்தம்.

சரித்திரம் கற்பிக்கும் பாடம்

கன்யாகுமரி ஜில்லாவில் நெய்யூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1956-ம் ஆண்டு வரையில் அது தமிழகத்துடன் சேரவில்லை. முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்ட் சிகரம் ஏறச் சென்ற குழுக்களில் இருந்த ஸாமர்வெல் என்னும் ஆங்கிலேய ரண வைத்தியர், அந்த ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் பணி புரிந்தார். வயிற்று வலியால் துடித்து வந்த ஏழைகளின் கூட்டத்தைக் கண்டு அவர் திகைத்தார். எத்தனையோ பேருக்குச் சிறுகுடலின் ஆரம்பத்தில் புண் இருந்தது. இதற்குக் காரணம் என்ன? மரவள்ளிக் கிழங்கும் மிளகாயுமான ஏழை உணவே என்று அக்காலத்தில் கருதினார்கள். குன்னூர் ஆராய்ச்சிசாலையில் மக்காரிஸன் என்பவர் அத்தகைய உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்கும் வயிற்றில் புண் கண்டது. பின்னால் வந்த வைத்தியர்களோ கவலையின் பேரிலும் அமிலத்தின் பேரிலும் பழியைப் போட்டார்கள்.

கடைசியில், 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரன், மார்ஷல் என்ற இருவர், இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் என்னும் கிருமியைக் கண்டுபிடித்தனர். உலகம் நம்பவில்லை. ஆகவே 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் கொண்டு காட்டினார்! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உணவுக்குப் பங்கே இல்லை என்பதல்ல. முக்கியமான காரணம் ஒன்று யார் கண்ணிலும் படாமல் இருந்தது என்பதே விஷயம். "கவலையால் வந்தது" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கிருமி இருந்ததோ!

இரண்டு வலிகளின் சிக்கல்

விலாவிலும் நெஞ்சிலும் ஒரே சமயத்தில் தொந்தரவு இருந்தால், அது ஒரே வியாதியாக இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். எண்டாஸ்கோப்பிக் குழாய் உணவுக் குழாயின் உட்புறத்தையும் இரைப்பையையும் காட்டும், விலாவைக் காட்டாது. எக்ஸ்ரே படத்தில் எலும்பு விழும். விலா எலும்பை மார்போடு இணைக்கும் குருத்தெலும்பு பெரும்பாலும் விழாது. அந்தக் குருத்தெலும்பு அழற்சி கண்டால் விரலால் அமுக்கிய இடத்தில் சுரீரென்று வலிக்கும். எட்டு, ஒன்பது, பத்தாவது விலாக்களின் நுனி நழுவி நரம்பை உரசுவதும் உண்டு. டாக்டர் விலாவின் கீழ் விளிம்பில் விரல்களைக் கொக்கி போல் மாட்டி முன்னே இழுத்தால் அதே வலி வரும். இதற்கு யந்திரம் கூட வேண்டியதில்லை. வலது விலாவின் அடியில், சாப்பாட்டுக்குப் பின் வலித்தால், பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று அல்ட்ராஸவுண்ட் மூலம் பார்க்க வேண்டும். அக்கி வருவதற்குச் சில நாள் முன்பாகவே விலாவை ஒட்டி எரிச்சல் காண்பதும் உண்டு.

இங்கே ஒரு பொல்லாத சிக்கல் இருக்கிறது. விலா வலிக்காகக் கடையில் வாங்கி விழுங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கக் கூடியவை. மேலே ஏறும் அமிலமோ இருமலை உண்டாக்கலாம். இருமலால் விலா மேலும் நோகும். ஒரு வலிக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றை வளர்க்கிறது. ஆகையால் எந்த மாத்திரையைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்கலாகாது.

காத்திருக்கக் கூடாதவை

மார்பு இறுகி, வியர்த்து, மூச்சுத் திணறி, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வாயு என்று சுக்குக் கஷாயம் வைத்துக் கொண்டிருக்கக் கூடாது; உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். விழுங்குவதில் தடை, காரணமின்றி உடல் மெலிதல், ரத்த வாந்தி, கரிய மலம், ரத்த சோகை ஆகியவையும் நாள் கடத்தக் கூடாத அறிகுறிகள்.

காத்திருக்கும் காலத்தில்

அபாயம் இல்லை என்று தெரிந்த பிறகு, பெயர் கிடைக்கும் வரையில் சும்மா இருக்க வேண்டியதில்லை. இரவு ஆகாரத்தைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்து விடலாம். கட்டிலின் தலைப்புறக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குல உயரத்துக்குக் கட்டை வைக்கலாம். தலையணையை அடுக்குவது அவ்வளவு பயன் தராது. இடப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பது அமிலம் மேலேறுவதைக் குறைக்கும். இடுப்பில் இறுக்கிக் கட்டுவதைத் தளர்த்தலாம். புகையிலையை விட்டே தீர வேண்டும். காப்பியை நிறுத்திப் பார்த்துக் குணம் தெரிந்தால், அந்தத் தியாகத்தையும் செய்ய வேண்டியதுதான்!

ஒமெப்ரஸோல் முதலிய அமிலக் குறைப்பு மாத்திரைகளை ஆகாரத்துக்கு அரை மணி முன்பு சாப்பிட்டால்தான் முழுப் பலன் உண்டு. ஹெலிகோபாக்டர் கிருமிக்கான மூச்சு அல்லது மலப் பரிசோதனைக்கு முன் அவற்றை டாக்டரின் யோசனைப்படி இரண்டு வாரம் நிறுத்த வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒரு நோட்டுப் புத்தகம். வலி எப்போது வந்தது, எந்த இடத்தில், என்ன சாப்பிட்ட பின், குனிந்த போதா, புரண்ட போதா, எவ்வளவு நேரம் இருந்தது என்று இரண்டு வாரம் எழுதி வையுங்கள். சாப்பாட்டோடு வரும் வலியும் அசைவோடு வரும் வலியும் தனித் தனியாகப் பிரிந்து நிற்பதை அதில் காணலாம். டாக்டருக்கு இருக்கும் ஐந்து நிமிஷத்தில், "எப்போதும் வலிக்கிறது" என்பதை விட அந்த ஒரு பக்கம் அதிகம் பேசும். "இந்தப் பரிசோதனையில் எது விலக்கப்பட்டது? அடுத்து எதைத் தேட வேண்டும்?" என்று மரியாதையாகக் கேட்பதிலும் தவறில்லை. சுதந்திர தேசத்தின் பிரஜைக்குத் தன் உடம்பைப் பற்றிக் கேட்கும் உரிமை கூடவா இல்லை?

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் நம்புங்கள். பெயரைக் கண்டுபிடிப்பது டாக்டரின் வேலை; அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். நம்புவதற்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது.