கறுப்புத் தூளின் பக்குவம்

உப்பு அதே உப்புதான். ஊற்றும் வேகமும் சூடும் மாறினால் கிடைக்கும் துகள் வேறு. புற்றுக்கட்டியைச் சூட்டினால் அழிக்க டிராம்பேயில் நடக்கும் ஆய்வுக்கு இதுவே பெரிய சவால்.

டிராம்பே என்றதும் நினைவுக்கு வருவது அணு உலை. ஆசியாவின் முதல் ஆராய்ச்சி உலையான அப்சரா 1956 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது அங்கேதான். ஆனால் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் வேதியியல் பிரிவில் நடந்துவரும் ஒரு வேலைக்கு உலையும் வேண்டாம், யுரேனியமும் வேண்டாம். அடிப்படைச் சரக்கு இரண்டு இரும்பு உப்புகள், தண்ணீர், அமோனியா போன்ற ஒரு காரம். கலந்தால் கறுப்பாக ஒரு தூள் படிகிறது. குடுவைக்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் கறுப்பு முழுவதும் அந்தப் பக்கம் ஒதுங்குகிறது.

இது மேக்னடைட். சேலத்துக் கஞ்சமலைப் பாறையில் இருக்கும் அதே காந்த இரும்பு ஆக்சைடு. வித்தியாசம் அளவில்தான். ஆய்வுக்கூடத் துகளின் குறுக்களவு சுமார் 10 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே இவற்றை வரிசையாக அடுக்கினால் ஏறக்குறைய எட்டாயிரம் துகள்கள் பிடிக்கும்.

இவ்வளவு சிறிதாக்குவதில் ஒரு லாபம் உண்டு. கல்லாக இருக்கும் மேக்னடைட், காந்தம் விலகிய பிறகும் தன் காந்தத் தன்மையைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளும். சுமார் 20 நானோமீட்டருக்குக் கீழே போனால் அது முடிவதில்லை. வெளிக்காந்தம் இருக்கும்வரை இழுபடும். எடுத்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக் கட்டியாவதில்லை. ரத்தத்தில் விட வேண்டிய பொருளுக்கு இது முக்கியமான தகுதி.

கட்டிக்குள் இத்துகள்களைச் செலுத்தி, விநாடிக்கு லட்சம் தடவை அல்லது அதற்கும் மேல் திசை மாறும் காந்தப் புலத்தில் வைத்தால் துகள்கள் சூடாகின்றன. 42 முதல் 45 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் புற்றுச் செல்கள் தள்ளாடுகின்றன. கதிர்வீச்சும் மருந்தும் அவற்றை எளிதில் வீழ்த்துகின்றன. அமெரிக்காவில் 1957-லேயே நாய்களிடம் சோதித்த யோசனை இது. மூளைக் கட்டிகளுக்கு இம்முறையைப் பயன்படுத்த 2010-ல் ஐரோப்பாவில் ஒரு ஜெர்மன் நிறுவனம் அனுமதி பெற்றது. டிராம்பே விஞ்ஞானிகள் ஒலியிக் அமிலம் பூசிய துகள்களைத் தயாரித்து, புற்றுச் செல்களுடன் அவை எப்படி உறவாடுகின்றன என்று ஆராய்ந்து 2013-ல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் தயாரிப்பில்தான். மைசூர்பாகு கிளறியவர்களுக்கு இது புரியும். கடலை மாவு, சர்க்கரை, நெய் மூன்றும் அதே அளவுதான். பாகின் பதம் ஒரு நிமிஷம் தப்பினால் வாயில் கரைய வேண்டியது பல்லை உடைக்கிறது.

பிரெஞ்சு விஞ்ஞானி ரெனே மஸ்ஸார் 1981-ல் வகுத்துக் கொடுத்த வழி இன்றும் பரவலாகக் கையாளப்படுகிறது. பெர்ரஸ் உப்பு ஒரு பங்கு, பெர்ரிக் உப்பு இரண்டு பங்கு, அதில் காரம். முதல் எதிரி காற்று. ஆக்சிஜன் பட்டால் பெர்ரஸ் இரும்பு பெர்ரிக்காக மாறி, ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கு கெடுகிறது. கறுப்புக்குப் பதில் பழுப்பு தலைகாட்டுகிறது. அதனால்தான் குடுவைக்குள் நைட்ரஜன் வாயுவை ஓடவிடுகிறார்கள்.

அடுத்தது, ஊற்றும் வேகம். டிராம்பேயைப் போலவே அணுசக்தித் துறையின் கீழ் இயங்கும் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஜான் பிலிப், பல்தேவ் ராஜ் உள்ளிட்டோர் இதை அளந்து பார்த்து 2007-ல் வெளியிட்டார்கள். துகளின் வளர்ச்சி சுமார் 300 விநாடிகளில் முடிந்துவிடுகிறது. அதற்குள் அது 6.7 நானோமீட்டரிலிருந்து 8.2 நானோமீட்டர்வரைதான் பருக்கிறது. பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் காரத்தை வேகமாகக் கொட்டினால் துகள் சிறுத்துவிடுகிறது. ஒரே சமயத்தில் ஏராளமான கருக்கள் தோன்றி, இருக்கும் இரும்பைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. பந்தியில் ஆள் கூடினால் இலைக்கு விழுவது குறைவதைப் போல. இரும்புக் கரைசலின் அமிலத் தன்மை ஆரம்பத்தில் போதாமல் இருந்தாலோ, காந்தத்துக்கு மசியாத கோத்தைட் என்ற துருவின் உறவுப் பொருளும் கூடவே உருவாகிவிடுகிறது.

ஓரிரு நானோமீட்டர் வித்தியாசத்துக்கு இத்தனை கவலையா? கட்டாயம். துகள் தேவைக்கு மேல் சிறுத்தால் காந்த வலுவும் குறைகிறது, சூடும் எழும்புவதில்லை. பெருத்தால் ஒன்றோடொன்று ஒட்டும் ஆபத்து. ஒரே குடுவையில் இரண்டும் கலந்திருந்தால் கட்டியின் ஒரு மூலை வெந்துபோக, இன்னொரு மூலை தப்பிவிடும்.

ஒரே சீரான துகள் வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழியும் உண்டு. இரும்புச் சேர்மத்தை எண்ணெய் போன்ற திரவத்தில் 300 டிகிரிக்கு மேல் சூடாக்குவது. தென்கொரிய விஞ்ஞானிகள் 2004-ல் இப்படி ஒரே தடவையில் 40 கிராம் எடுத்துக் காட்டினார்கள். ஆனால் எண்ணெய்ப் பூச்சோடு வரும் துகள் தண்ணீரில் கலக்காது. ரத்தத்துக்கு ஏற்றபடி மேல்பூச்சை மாற்றியாக வேண்டும். பவாய் ஐ.ஐ.டி.யில் எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தை மேலே பூசி, டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தையும் துகளில் ஏற்றிப் பார்த்தார்கள்.

மிஞ்சியிருப்பது பெரிய கேள்வி. சின்னக் குடுவையில் ஊற்றிய காரம் கண் இமைப்பதற்குள் எங்கும் பரவுகிறது. அம்பது லிட்டர் தொட்டியில் அப்படிப் பரவாது. ஒரு மூலையில் காரம் கூடும், இன்னொரு மூலையில் குறையும்; துகளும் இடத்துக்கு இடம் மாறும். இந்த வாரம் செய்ததும் அடுத்த மாதம் செய்வதும் ஒன்றே என்று நிரூபிக்காத எதையும் மருந்து என்று நோயாளிக்கு ஏற்ற முடியாது.

டிராம்பேயிலிருந்து செம்பூர் வழியாகப் போனால் பரேல். அங்கே டாடா நினைவு மருத்துவமனைக்குத் தமிழ்நாடு உட்பட நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் நோயாளிகள் வந்துகொண்டிருக்கிறார்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம்தான். அந்தக் கறுப்புத் தூள் இந்தத் தூரத்தைக் கடக்க வேண்டுமானால், ஆயிரம் தடவை செய்தாலும் பதம் மாறக் கூடாது.